ரேனாக்ஸ் டிசிஆர்-250: வீட்டுப் புறத்துப் பூச்சிகளுக்கு இந்தக் கிளிப் லென்ஸ் போதுமா?

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் விளை இருந்தால் போதும், படமெடுக்க வேறெங்கும் போக வேண்டாம். கமுகில் படர்ந்த நல்லமிளகுக் கொடி, நாலு வாழை, பத்து மூடு மரச்சீனி, வேலியில் செம்பருத்தி, மூலையில் ஒரு கொல்லாமரம். இதற்குள் நடமாடும் உயிர்களில் முக்கால்வாசி 3 மி.மீ.-க்கும் 12 மி.மீ.-க்கும் இடைப்பட்ட அளவு. சிறுதேனீ 4 மி.மீ. இருக்கும், முசுறு எறும்பு 8 மி.மீ. சுவரில் தாவும் சிலந்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். கேமராவோடு வரும் லென்ஸ்களுக்கு இந்த அளவு எட்டாது. கேனான் 55-250 எஸ்டிஎம் லென்ஸை முழு ஜூமில் வைத்து, 85 செ.மீ. என்ற அதன் குறைந்தபட்சத் தூரத்துக்குப் போனாலும் கிடைப்பது 0.29 மடங்கு உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் 0.29 பங்கு. 77 மி.மீ. அகலமுள்ள படச்சட்டத்துக்குள் 4 மி.மீ. தேனீ ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஜப்பானின் ரேனாக்ஸ் டிசிஆர்-250. சட்டைப் பையில் அடங்கும் ஒரு கண்ணாடி வளையம். இருக்கிற லென்ஸின் முகப்பில் கிளிப் போல மாட்டிக்கொள்ளலாம். கிட்டே போய் எடுப்பதற்கென்றே செய்த தனி மேக்ரோ லென்ஸைவிட விலை குறைவு. ஆனால் எந்த லென்ஸில் மாட்டினாலும் ஒரே பலன் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் பிறகு குறை சொல்கிறார்கள். அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இதன் திறன் +8 டயாப்டர், அதாவது குவியத் தூரம் 125 மி.மீ. பின்னால் இருக்கும் லென்ஸை முடிவிலியில் குவித்து வைத்தால், அந்த லென்ஸின் குவியத் தூரத்தை 125-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். 250 மி.மீ.-இல் 2 மடங்கு, 125-இல் சரியாக 1 மடங்கு, 18-55 லென்ஸின் 55-இல் 0.44 மடங்கு. ஏபிஎஸ்-சி சென்சார் (சுமார் 22 மி.மீ. அகலம்) கேமராவில் 2 மடங்கு என்றால் படச்சட்டத்தின் அகலம் சுமார் 11 மி.மீ. அந்தச் சிறுதேனீ இப்போது சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை நிறைக்கும். ஆகவே இது 55-250 போன்ற டெலி ஜூம் வைத்திருப்பவருக்கான சாமான். 18-55 மட்டும் கையில் இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள். போனுக்கும் வேண்டாம். போனில் மாட்டும் மேக்ரோ கண்ணாடிகளின் குவியத் தூரம் இதைவிட மிகக் குறைவு, அவை அதற்கென்றே செய்தவை.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 12, 20, 36 மி.மீ. மூன்றையும் சேர்த்து மாட்டினால் 68 மி.மீ. 50 மி.மீ. லென்ஸில் அது 1.36 மடங்கு கூட்டித் தரும், 250-இல் வெறும் 0.27 மடங்குதான். ரேனாக்ஸ் இதற்கு நேர்மாறு, நீளமான லென்ஸில்தான் அதன் வேலை தெரியும். டியூப் மாட்டினால் வெளிச்சம் குறையும், ரேனாக்ஸில் அந்த இழப்பு இல்லை. லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் இவை எல்லாவற்றையும்விட மலிவு, கூர்மையிலும் குறைசொல்ல முடியாது. ஆனால் பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே நாலைந்து செ.மீ.தான் மிஞ்சும். அபர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, கேமராவிலிருந்து மாற்றவும் முடியாது. அசையாத பாசிக்கும் காளானுக்கும் சரி, சிலந்திக்குச் சரிப்படாது. +1, +2, +4, +10 என்று நாலு வளையமாக மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் ஒவ்வொன்றும் ஒற்றைக் கண்ணாடி. வெயில் படும் இலை விளிம்பில் ஊதாவும் பச்சையும் வழியும், மூலைகள் குழம்பும். ரேனாக்ஸில் நிறச்சிதறலைத் திருத்தும்படி கண்ணாடிகளைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இலையில் வைத்து எடுத்துப் பார்த்தால் அதற்குமேல் விவாதம் இருக்காது.

மாட்டுவது எளிது. இரு பக்கமும் வில் வைத்த பிளாஸ்டிக் கவ்வி, லென்ஸ் முகப்பின் உள்மரையில் பற்றிக்கொள்ளும். 52 மி.மீ. முதல் 67 மி.மீ. வரை உள்ள முகப்புகளுக்குப் பொருந்தும். 55-250-இன் முகப்பு 58 மி.மீ., நிக்கான் 55-200-இன் முகப்பு 52 மி.மீ., இரண்டுக்கும் சரி. சோனி 55-210-க்கு 49 மி.மீ. என்பதால் கவ்வி நேரடியாக நிற்காது, இடையில் மரையின் அளவை மாற்றும் ஒரு ஸ்டெப் வளையம் வேண்டும். கவ்வியில் இரண்டு சங்கடம் உண்டு. வேலிக்குள் குனிந்து நுழையும்போது ஒரு கம்பு தட்டினால் கழன்று விழலாம். தினமும் கழற்றி மாட்டினால் மலிவு லென்ஸ்களின் பிளாஸ்டிக் மரை தேயும். தீர்வு உண்டு. கண்ணாடிப் பகுதி கவ்வியிலிருந்து திருகிக் கழலும், அதன் பின்மரை 43 மி.மீ. 58-இலிருந்து 43-க்கு இறங்கும் ஸ்டெப்-டவுன் வளையம் ஒன்று வாங்கி நேராகத் திருகிவிட்டால் ஆடாது, விழாது. வளையத்தின் விலை சொற்பம். லென்ஸ் வாங்கும்போதே சேர்த்து வாங்குவது நல்லது. முன்பக்கம் 49 மி.மீ. மரை இருக்கிறது. அதில் ஒரு சாதாரண யூவி ஃபில்டரைத் திருகி வைத்தால் வாழைக்கறையும் மழைத்துளியும் கண்ணாடியில் படாது.

ஜூமைக் குறைத்தால் மூலைகள் கறுக்கும். 55-250-இல் 100 தாண்டிய பிறகு கவலை இல்லை. கறுப்பு வட்டத்தைப் பார்த்துப் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம், சின்னக் கண்ணாடிக்கு அது இயல்பு.

இனி குவிப்பு. புதிதாக வாங்கியவர்கள் நாள் முழுவதும் திணறுவது இங்கேதான். ஆட்டோஃபோகஸில் விட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி எதையும் பிடிக்காது. ரேனாக்ஸை மாட்டுவதற்கு முன் தூரத்துத் தென்னை ஒன்றில் குவித்து, அப்படியே மேனுவலுக்கு மாற்றுங்கள். பிறகு குவிப்பு வளையத்தைத் தொடவே கூடாது. முன்னும் பின்னும் நகர வேண்டியது உங்கள் உடம்புதான். லென்ஸ் விளிம்பிலிருந்து பொருளுக்கு 11, 12 செ.மீ., இந்தத் தூரம் எந்த ஜூமிலும் மாறாது. ஒரு ஈர்க்குக் குச்சியை 12 செ.மீ.-க்கு ஒடித்து லென்ஸ் விளிம்பில் வைத்து நாலு தடவை பார்த்துக்கொண்டால் அந்தத் தூரம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகாதவர்கள் வ்யூஃபைண்டரில் பச்சை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு பூச்சியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு வழி, 100 மி.மீ. ஜூமில் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்து மெல்ல 250-க்குப் போவது. குவிப்பு லேசாக நழுவும், உடம்பைச் சற்று அசைத்தால் திரும்பி வந்துவிடும்.

ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, எவ்வளவு கிடைக்கும்? எஃப்/11-இல் 2 மடங்குக்கு சுமார் 0.1 மி.மீ. ஏ4 தாளின் தடிமனும் அதுதான். 1 மடங்கில் 0.4 மி.மீ. அபர்ச்சரை எஃப்/22-க்கு அடைத்தால் ஆழம் கூடுவது போலத் தெரியும், ஆனால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுக்க மழுங்கிவிடும். எஃப்/11 நல்ல இடம், எஃப்/16 வரை சகிக்கலாம். ஐஎஸ், விஆர் என்று லென்ஸில் இருக்கும் நடுக்கக் கட்டுப்பாடு கேமரா மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் சாயும் ஆட்டத்தைத்தான் பிடிக்கும். முன்பின் ஆட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது, இங்கே படத்தைக் கெடுப்பதோ அந்த முன்பின் ஆட்டம். கைதான் ஸ்டாண்ட். இடது கையின் இரண்டு விரலால் இலைக்காம்பைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மணிக்கட்டில் சாய்த்துவிடுங்கள். இலை ஆடினால் கையும் ஆடும், கை ஆடினால் லென்ஸும் ஆடும். மூன்றும் சேர்ந்து ஆடும்போது படம் அசையாது. முக்காலியைவிட இது மேல். முசுறு கூட்டமாக இருக்கும் கொப்பை மட்டும் இப்படிப் பிடிக்க வேண்டாம்.

காற்று பற்றி ஒரு சொல். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மரங்கள் அடர்ந்திருப்பதால் சமாளிக்கலாம். தோவாளை, ஆரல்வாய்மொழி என்று கணவாய்ப் பக்கம் போனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். அங்கே இருப்பவர்கள் விடியற்காலையில் எடுக்க வேண்டும். அல்லது ஒரு குச்சியைத் தரையில் நட்டு, துணி கிளிப்பால் காம்பை அதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். விடியலில் இன்னொரு லாபமும் உண்டு. குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், தட்டான் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இந்த லென்ஸோடு கட்டாயம் வேண்டியது ஃபிளாஷ். விளை நிழலில் எஃப்/11-இல் கையால் எடுக்க வெளிச்சம் பற்றாது. கோடாக்ஸ் டிடி600 போன்ற சாதாரண ஃபிளாஷே தாராளம். ஃபிளாஷ் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் டிடிஎல் எல்லாம் வேண்டாம், தூரம் மாறாததால் மேனுவலில் ஒரு தடவை சரிபார்த்தால் அந்த அளவே நாள் முழுக்க ஓடும். கேமராவும் மேனுவலில், 1/200 வினாடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷை 1/8-இல் தொடங்கி, கேமராத் திரையில் பார்த்து ஏற்றி இறக்குங்கள். ஃபிளாஷின் திறனைக் குறைக்கக் குறைக்க அது மின்னும் நேரமும் சுருங்கும், சிறுதேனீயின் சிறகு உறைவது அதனால்தான். கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷை நிமிர்த்தி எடுத்தால் நீளமான லென்ஸின் நிழல் பூச்சியின் மேலேயே விழும்.

ஃபிளாஷைவிட முக்கியம் அதன் முன் வைக்கும், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர். இது இல்லாமல் எடுத்து, லென்ஸ் சரியில்லை என்று சொல்லும் படங்கள் ஏராளம். சோதித்துப் பார்க்கச் சரியான ஆள் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோடை மழை தொடங்கியதும் ரப்பர் விளையிலிருந்து வீட்டுக்குள் படையெடுத்து, ஓட்டுக்கடியில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் கறுப்பு வண்டு. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் முப்ளி வண்டு என்பார்கள். பளபளக்கும் கறுப்பு முதுகு. வெறும் ஃபிளாஷ் அடித்தால் முதுகின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு போல ஒரு வெள்ளை, மற்றதெல்லாம் மொத்தைக் கறுப்பு. நல்ல டிஃப்யூசர் இருந்தால் அந்தப் பொட்டு விரிந்து சாம்பல் நிறப் போர்வையாகும், முதுகின் நுண்குழிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். இந்த வண்டில் தேறிய டிஃப்யூசர் வேறெதிலும் தேறும். கையால் மட்டும் நசுக்க வேண்டாம், அது விடும் நீர் தோலைப் பொள்ளவைக்கும்.

டிஃப்யூசரைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் இரண்டு அடுக்கு, ஏ4 அளவு கறுப்புச் சார்ட் ஒன்று, அடுக்களையில் இருக்கும் அலுமினியத் தாள் கொஞ்சம், ஒட்டு வெல்க்ரோ. சார்ட்டின் உட்பக்கம் அலுமினியத் தாளை ஒட்டி, ஓடு போல வளைத்து, ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸ் முனைக்கு மேலாகக் கூரை இறக்குங்கள். கூரையின் வாயில் ஃபோம் தாளை லேசாகத் தொங்கவிட்டு, அதன் கீழ் விளிம்பு பூச்சிக்கு 3, 4 செ.மீ. மேலே நிற்கும்படி அமையுங்கள். ஃபோம் எவ்வளவு பெரிதோ, பூச்சிக்கு எவ்வளவு பக்கமோ, வெளிச்சம் அவ்வளவு மென்மை. இரண்டாவது அடுக்கு வெளிச்சத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும், ஃபிளாஷை 1/8-இலிருந்து 1/4-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, 55-250 ஜூம் செய்யும்போது முன்னால் நீளும். 100 மி.மீ.-க்கு அளவெடுத்துச் செய்த கூரை 250-இல் எட்டாது. எந்த ஜூமில் அதிகம் எடுப்பீர்களோ அதில் வைத்து அளவெடுங்கள். தொடங்குபவருக்கு 150 மி.மீ. நல்லது. உருப்பெருக்கம் 1.2 மடங்கு, சட்டத்தின் அகலம் 18 மி.மீ.-க்கு மேல். ஆழமும் பிழைப்பதற்கு இடம் தரும்.

ஃபிளாஷ் படங்களில் பின்னணி கரிக்கறுப்பாக வருவதும் அடிக்கடி கேட்கும் குறை. ஃபிளாஷ் வெளிச்சம் பூச்சியைத் தாண்டிப் பத்து செ.மீ. போனால் மங்கிவிடும், பின்னால் ஒன்றும் இல்லையென்றால் கறுப்புதான் வரும். பூச்சிக்கு 3, 4 செ.மீ. பின்னால் ஒரு சேம்பிலையையோ உதிர்ந்த செம்பருத்தியையோ பிடித்தால் அந்த நிறம் மூட்டமாக நிறையும்.

இவ்வளவும் கைக்கு வந்தபின் இந்த லென்ஸ் என்ன காட்டும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். கொல்லாமரத்திலோ மாவிலோ இலையை வளைத்துக் கூடு தைக்கும் முசுறின் வரிசையைப் பாருங்கள். மலையாளத்தில் இதையே நீறு என்பார்கள். 1956-இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டாலும் எறும்பின் இரண்டு பெயர்களும் இரு பக்கமும் புழங்குகின்றன. அந்த வரிசைக்கு ஓரமாக, கொஞ்சம் விலகி ஒரு எறும்பு மட்டும் தனியாக உலாவும். 2 மடங்கில் அதன் முகத்தைப் பிடித்தால் எறும்புக்கு இருக்கக் கூடாத இரண்டு பெரிய கண்கள் முன்னால் பார்த்து மின்னும். அது முசுறு வேடமிட்ட தாவும் சிலந்தி, அறிவியல் பெயர் மிர்மப்ளாட்டா ப்ளட்டாலியாய்டஸ். தலையின் இரு பக்கமும் எறும்பின் கண் போலக் கறுப்புத் திட்டு. முதல் சோடிக் கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருக்கும், ஆனால் எண்ணிப் பார்த்தால் கால் எட்டு. பெண் 6, 7 மி.மீ. என்பதால் 2 மடங்கிலும் சட்டத்துக்குள் அடங்கும். ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைச் சுமப்பது போல இருக்கும். நீளம் 9 முதல் 12 மி.மீ., ஆகவே ஜூமை 150-க்கு இறக்க வேண்டும். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் உண்மையான முசுறு வாயைத் திறந்துகொண்டு உங்களை நோக்கி வரும். வேடதாரி இலைக்குப் பின்னால் போகும், இல்லையென்றால் நூல்விட்டுக் கீழே தொங்கும். அந்த நூல்தான் உங்கள் வாய்ப்பு. பொறுமையாக நின்றால் அதே நூலில் திரும்ப ஏறி வரும்.

வண்ணத்துப்பூச்சிக்கு இதை வாங்காதீர்கள். 12 செ.மீ. வரை அது உங்களை விடாது, விட்டாலும் சிறகின் ஒரு மூலைதான் சட்டத்துக்குள் வரும். அதற்கு 55-250-ஐ வெறுமனே வைத்து எடுப்பதே சரி. கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் மேயும் புழுவுக்கும், தட்டானுக்கும், விரல்நுனித் தவளைக்கும் இதன் தம்பியான டிசிஆர்-150 பொருந்தும். +4.8 டயாப்டர், பொருளிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி நிற்கலாம், 250 மி.மீ.-இல் 1.2 மடங்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு டிசிஆர்-150-தான் உகந்தது. படமெடுப்பவர்கள் கூட்டத்தில் எல்லாரும் டிசிஆர்-250-ஐப் புகழ்வதால் முதலில் அதை வாங்கி, தூரம் பற்றாமல் பூச்சியை ஓடவிட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. டிசிஆர்-250, சிலந்தி, எறும்பு, சிறுதேனீ ஆகியவற்றைப் படம் பிடிக்கிறவருக்கு. பறவைக் கூட்டுக்கு இரண்டுமே வேண்டாம், அவ்வளவு கிட்டே போனால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடலாம்.

0.1 மி.மீ. ஆழம் போதாமல் பல படங்களை அடுக்கி ஒன்றாக்க நினைப்பவர்கள், விளையில் ஐந்தாறு படங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூச்சை விட்டபடியே மெல்ல முன்னால் சாய்ந்து, தொடர்ந்து அமுக்க வேண்டும். ஃபிளாஷ் 1/16-இலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும், அதற்கேற்ப ஐஎஸ்ஓ-வை 800-க்கு ஏற்றுங்கள். ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் இரண்டும் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள், பிக்கோலே இலவசம். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரக்கடித்து எடுக்கும் பழக்கம் வேண்டாம். அப்படி எடுத்த படத்தில் கால்கள் மடங்கியிருக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாகப் பூஞ்சை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்கும் ஊர் இது. கண்ணாடிகளுக்கு இடையே காற்றிடம் இருப்பதால் இந்தக் கிளிப்புக்குள்ளும் பூஞ்சை நூல் ஓடும், பிரித்துச் சுத்தம் செய்வது வீட்டில் நடக்கிற காரியமல்ல. மழையில் எடுத்துவிட்டு அப்படியே உறைக்குள் போடாமல், துடைத்து ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். காற்றுப்புகாத சாப்பாட்டு டப்பாவில் நூறு கிராம் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு, 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். நீல ஜெல் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், வாணலியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி போட்டால் தவிடுதான் கண்ணாடியில் ஏறும்.